பாப்பாயியின் கைநாட்டு

குண்டூர் நாடு
14.6.2025, இரவு

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே அக்கா. உன் அறையில் இருக்கிற பிள்ளைகள் கேட்டாலும் காட்டாதே. படித்ததும் கிழித்துவிடு.

அன்புள்ள அம்சா அக்காவுக்கு யமுனா எழுதுவது. அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. அப்பாவுக்கு மட்டும் சளி. திருச்சி வெயில் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? நர்சிங் விடுதியில் வயிறு நிறையச் சாப்பாடு போடுகிறார்களா?

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். போன் எப்போதும் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. நான் பேசினால் அவர் பக்கத்திலேயே நிற்கிறார். இதை ரோஸ்லின் டீச்சரிடம் கொடுத்து அனுப்புகிறேன். நீயும் பள்ளிக்கூட முகவரிக்கு, டீச்சர் பெயருக்கே எழுது. அவர் பிரிக்க மாட்டார்.

செம்மேட்டு ரோட்டோரம் இருக்கிற நம் கிழங்குக் காட்டில் வணிக வளாகம் வரப்போகிறது. முப்பத்தாறு கடை, மேலே லாட்ஜ், முன்னால் கார் நிறுத்த இடம். நேற்று ராசிபுரத்திலிருந்து நவநீதகிருஷ்ணன் என்று ஒருவர் காரில் வந்தார். கட்டடத்துக்கு அனுமதி வாங்கித் தருவதுதான் அவர் வேலையாம். பெரிய வரைபடத்தைத் தரையில் விரித்து, நான்கு மூலையிலும் நம் வீட்டுத் தம்ளர்களை வைத்தார்.

அந்தக் காட்டுக்குக் கூட்டுப் பட்டா. அப்பா, பாப்பாயி அத்தை, சென்னம்மாள் அத்தை என்று மூன்று பெயர். மூன்று பேரும் சம்மதம் கொடுத்தால்தான் அனுமதிக்கு மனுப்போட முடியுமாம். அப்பா கையெழுத்துப் போட்டார். சென்னம்மாள் அத்தை கையை மடியிலிருந்து எடுக்கவே இல்லை.

"எங்க அக்கா வெச்சா நானும் வெக்கறேன். அவ வெக்காம நான் எப்படி வெக்கறது?" என்றாள்.

"பாப்பாயின்னு இருக்கறது யாருங்க? இங்கதான் இருக்காங்களா?" என்று நவநீதகிருஷ்ணன் கேட்டார்.

அப்பா சிரித்தார். "இருக்குதுங்களே. உள்ள உக்காந்து வீட்டுப்பாடம் எழுதிட்டு இருக்குது."

பாப்பாயி அத்தை செத்து ஒரு மாதத்தில் நான் பிறந்தேன். அதனால் எனக்கு அந்தப் பெயர். பள்ளிக்கூடத்தில்தான் நான் யமுனா. வீட்டிலும் யமுனா என்று கூப்பிடுகிறவள் நீ ஒருத்திதான். சென்னம்மாள் அத்தை நான் தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்தே என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். நாமெல்லாம் அதைச் சொல்லிச் சிரிப்போம்.

நவநீதகிருஷ்ணனும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "சாவு பதிஞ்சிருக்கா?" என்றார்.

"மலையில அதெல்லாம் யாருங்க பதிஞ்சா?"

"அப்பப் பேப்பர்ல உசுரோடதான் இருக்காங்க."

அப்பா என்னைக் கூப்பிட்டார். நான் யமுனா என்று கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்டேன். அத்தைக்கு எழுதத் தெரியாது, கைநாட்டுத்தான் என்றார். "நீதான கண்ணு பாப்பாயி. உன்ற பேருக்கு நேரா நீ கை வெக்கற. இதுல பொய் எங்க இருக்குது?"

இடது கைப் பெருவிரலை வைத்தேன். சென்னம்மாள் அத்தை குனிந்து அதையே பார்த்தாள். "சரிக்கா" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் தன் விரலை வைத்தாள். சாட்சிக்கு இரண்டு கோடு இருந்தது. ஒன்றில் நவநீதகிருஷ்ணன் போட்டார். இன்னொன்று காலியாக இருந்தது.

அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை. நேற்றிலிருந்து அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கண்ணு என்று மட்டும் சொல்கிறாள்.

நான் தப்புச் செய்துவிட்டேனா அக்கா? உடனே எழுது.

உன் தங்கை
யமுனா

*

திருச்சி
29.6.2025

அன்புத் தங்கை யமுனாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். சாப்பாடு பரவாயில்லை. அம்மாவை முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளச் சொல்.

நீ பயப்படாதே. பெயர் ஒன்றாக இருந்தால் ஆள் ஒன்றாகிவிடாது. எங்கள் வகுப்பிலேயே மூன்று ராதிகா இருக்கிறார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் மற்ற இரண்டு பேரும் படுத்துக்கொள்வதில்லை. தாளில் ஒட்டியது மைதான். நீ படிக்கிற வேலையைப் பார். பத்தாம் வகுப்பு.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்திருந்தார். பலாப்பழம் கொண்டுவந்தார், அறையே மணத்தது. கொஞ்ச நேரம்தான் இருந்தார். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

அக்கா
அம்சவேணி

*

குண்டூர் நாடு
20.7.2025, இரவு

அன்புள்ள அம்சா அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று ராதிகாவை நினைத்துச் சிரித்தேன். இங்கே நாலு நாளாக விடாத மழை. அம்மா எண்ணெய் தேய்த்துக்கொள்கிறாள். உனக்குத் தலைவலி வராமல் இருக்கிறதா?

நேற்று அரிசி வாங்க அம்மா என்னை ரேஷன் கடைக்கு அனுப்பினாள். போன மாதமும் நான்தான் வாங்கினேன், வைகாசியில், கைநாட்டு வைப்பதற்கு முன்னால். அப்போது விரல் உடனே பதிந்தது. மெசினில் விரல் வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டு வைத்தேன். பத்து விரலையும் வைத்துவிட்டேன். கடைக்காரர் என் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"என்ன கண்ணு, கெழவி கையாட்டம் தேஞ்சு கெடக்குது? கல்லு ஒடைக்கறயா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கண்ணை வைத்துப் பார்க்கிற மெசின் இருக்கிறதே, அதில் பார்த்து அரிசி கொடுத்தார். வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பார்த்தேன். வலது கையில் கோடுகள் கொஞ்சம் தெரிகின்றன. இடது பெருவிரலில் ஒன்றுமே இல்லை அக்கா. கூழாங்கல் மாதிரி வழவழப்பாக இருக்கிறது. மை ஒட்டின இடம் அதுதான்.

இன்னொன்று. சென்னம்மாள் அத்தை இப்போது தினமும் சாயங்காலம் வருகிறாள். முன்பு அக்கா என்று கூப்பிட்டால் பொரிகடலை கொடுப்பாள். இப்போது எதுவும் கொடுப்பதில்லை. வாசலில் நின்று கேள்வி கேட்கிறாள். "அந்தக் காட்டை யாருக்கும் குடுக்கமாட்டேன்னு எங்கிட்டச் சத்தியம் பண்ணுனயே அக்கா. எதுக்கு வெச்ச?" என்கிறாள். நான் அந்தச் சத்தியம் செய்யவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "மறந்துட்டேன்" என்று வந்துவிட்டது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

யமுனா

*

திருச்சி
3.8.2025

அன்பு யமுனா,

நலம். உன் கையில் சோப்பும் சாம்பலும் பட்டுத் தோல் உரிந்திருக்கும். மழைக்காலத்தில் பலருக்கு ரேகை பதியாது. எங்கள் மருத்துவமனையில் தினமும் பார்க்கிறேன். தேங்காய் எண்ணெய் தடவு.

சென்னம்மாள் அத்தைக்கு வயதாகிறது. அவளோடு வாய் கொடுக்காதே.

அந்தச் சாட்சிக் கோட்டைப் பற்றி எல்லாம் நீ யோசிக்க வேண்டாம்.

அம்சவேணி

*

குண்டூர் நாடு
17.8.2025, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? எண்ணெய் தடவுகிறேன். சாட்சிக் கோட்டைப் பற்றி நான் யோசிக்கவில்லையே. நீயாக ஏன் எழுதினாய்?

முந்தாநாள் கிராம சபை நடந்தது. வளாகத்தின் வரைபடத்தைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். கடைகளுக்கு ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி மிட்டாய் வாங்கிக்கொண்டு நாங்களும் போய் நின்றோம். யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று செயலர் கேட்டார். சென்னம்மாள் அத்தை எழுந்து நின்றாள்.

"எங்க அக்காவே கை வெச்சுட்டா. அப்புறம் யாரு என்ன பேசறது?"

கூட்டம் சிரித்தது. பாப்பாயி அத்தையைத் தூக்கிப்போய்ப் புதைத்தவர்கள் அதே கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தரும் அவள் செத்துவிட்டாளே என்று சொல்லவில்லை. நம் தெருக் கோகிலவாணி சித்தி என்னைப் பார்த்து, "ஏ பாப்பாயி, உனக்குக் கடை குடுக்கறாங்களா? எத்தனாம் நம்பரு?" என்றாள்.

"பதினேழு," என்றேன்.

நான் வேடிக்கைக்குத்தான் சொன்னேன். ஆனால் அப்பா முகம் மாறிவிட்டது. வீட்டுக்கு வரும் வழியில் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "பதினேழுன்னு உனக்கு யாரு சொன்னாங்க?" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை என்றேன். நம்பவில்லை. கொஞ்ச தூரம் முன்னால் நடந்தார். பிறகு, "பாத்து வாக்கா, வழுக்கும்" என்றார்.

அப்பா என்னை அக்கா என்று கூப்பிட்டதே இல்லை. உனக்குத் தெரியும்.

பதினேழாம் நம்பரில் என்ன இருக்கிறது அம்சா அக்கா? பாப்பாயி அத்தை செத்தபோது உனக்கு நாலு வயது. நீ பார்த்திருப்பாய்.

யமுனா

*

குண்டூர் நாடு
28.9.2025, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாதத்துக்கு மேலாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உனக்கு உடம்பு சரியில்லையோ என்று பயந்தேன். அப்பா போனில் நீ நன்றாகப் பேசினாய் என்றார்.

நீ சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரிந்துவிட்டது.

கட்டடத்துக்கு மண் பரிசோதனை செய்ய ஆள் வந்தார்கள். சுண்ணாம்பால் நாலு இடத்தில் குறி போட்டுக் குழி தோண்டினார்கள். பள்ளிக்கூடம் விட்டு அந்த வழியாகத்தான் வந்தேன். மூன்றாவது குழியைச் சுற்றி அப்பாவும் நவநீதகிருஷ்ணனும் நின்றார்கள். கரையில் ஒரு தலைமாட்டுக் கல் புரண்டு கிடந்தது. அதன் மேல் பழைய மஞ்சள். பாப்பாயி அத்தையை அங்கேதான் வைத்திருக்கிறார்கள். கடை நம்பர் பதினேழு.

எலும்பு வந்தால் சத்தமில்லாமல் வேறு இடத்துக்கு மாற்றிவிடலாம் என்று அப்பா நினைத்திருக்கிறார். அதற்குத்தான் வெள்ளைத் துணி கொண்டுவந்திருந்தார். ஆனால் ஆள் உயரத்துக்கு மேல் தோண்டியும் குழியில் ஒன்றும் இல்லை. எலும்பு இல்லை, துணி இல்லை, ஒரு வளையல் துண்டு இல்லை. சிவப்பு மண் மட்டும். நவநீதகிருஷ்ணனுக்கு மகிழ்ச்சி. "பாத்தீங்களா சென்றாயன், ஒரு எடஞ்சலும் இல்ல" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா துணியை மடித்தபடியே நின்றார்.

அப்போது சென்னம்மாள் அத்தை வந்தாள். குழிக்குள் எட்டிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, சீருடையில் நின்ற என்னைப் பார்த்தாள்.

"எப்ப எந்திரிச்சு வந்தக்கா?" என்று கேட்டாள்.

கிண்டலாகக் கேட்கவில்லை. சொல்லாமல் வந்துவிட்டாயே என்று வருத்தப்படுகிற மாதிரி கேட்டாள்.

குழியை இன்னும் மூடவில்லை. யாரோ ஆபீசர் வந்து பார்க்கவேண்டுமாம். அத்தை தினமும் சாமைச் சோறு கொண்டுபோய் அதன் ஓரத்தில் வைக்கிறாள். காலையில் இலை காலியாக இருக்கிறது. நாய் தின்றிருக்கும். ஆனால் இரண்டு நாளாகக் காலையில் எழுந்தால் எனக்குப் பசியே இல்லை.

பதில் எழுது.

யமுனா

*

திருச்சி
12.10.2025

அன்பு யமுனா,

நான் நன்றாக இருக்கிறேன். பரீட்சை இருந்ததால் எழுத முடியவில்லை.

மலை மண்ணில் புளிப்பு அதிகம். பதினைந்து வருடத்தில் எலும்பு கரைந்துவிடும். இதைப் புத்தகத்தில் பார்த்துத்தான் எழுதுகிறேன். நீ அந்தப் பக்கம் போகாதே. ராத்திரியில் அம்மாவோடு படுத்துக்கொள்.

கைநாட்டு வைத்தது நீயா என்று யாராவது கேட்டால் எதுவும் சொல்லாதே. எனக்கு எழுது. முதலில் எனக்கு எழுது.

அம்சவேணி

*

குண்டூர் நாடு
9.11.2025, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா என்று கேட்பதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தச் சம்மதப் பத்திரத்தின் நகலை இன்று பார்த்தேன். காலியாக இருந்த கோடு இப்போது காலியாக இல்லை. யார் கையெழுத்து என்று நான் கேட்கமாட்டேன். 'வே'யில் கொம்பை மேலே இழுத்துச் சுழிப்பதற்கு எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

இனி நடந்ததை எழுதுகிறேன்.

போன வாரம் ஆபீசிலிருந்து தபால் வந்தது. பட்டாவில் உள்ள மூன்று பேரும் இருபத்தெட்டாம் தேதி செம்மேட்டில் நேரில் வரவேண்டும். ஆபீசர் பார்த்து உறுதி செய்தால்தான் திட்ட அனுமதி. அப்பா போனில், "பாப்பாயி புளியஞ்சோலைப் பக்கம் சொந்தக்காரங்க ஊட்ல இருக்குதுங்க, நடக்க முடியலீங்க" என்று சொல்லிப் பார்த்தார். அப்படியென்றால் நாங்களே அங்கே போய்ப் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டார்களாம்.

நேற்று ராத்திரி நவநீதகிருஷ்ணன் வந்தார். நான் தூங்குவது போலப் படுத்திருந்தேன்.

"பதினஞ்சு வருசத்துக்கு முந்திச் செத்துப்போச்சுன்னு சொன்னா, ஜூன் மாசம் கை வெச்சது யாருன்னு கேப்பாங்க. உள்ள போயிருவோம். இப்பச் செத்ததா வெச்சுக்கலாம். இருபத்தோரு நாளுக்குள்ள பதிஞ்சா ஒரு கேள்வியும் வராது. அவங்க பங்குக்கும் நீங்களே கையெழுத்துப் போட்டுக்கலாம்."

"என்னைக்குங்க?"

"வர்ற வெள்ளி வேண்டாம். அடுத்த வெள்ளி போட்டுக்கலாங்களா?"

"போட்டுக்கங்க."

கல்யாணத்துக்கு நாள் குறிக்கிற மாதிரி பேசிக்கொண்டார்கள் அக்கா. இன்று அப்பா குளிக்கப் போனபோது பையைப் பார்த்தேன். சாவைப் பதிகிற விண்ணப்பம் நிரப்பி வைத்திருக்கிறது. இறந்தவர் பெயர்: பாப்பாயி. இறந்த தேதி: 21.11.2025.

இன்று ஒன்பதுதான் ஆகிறது.

மதியம் சென்னம்மாள் அத்தை வந்தாள். அப்பா அவளிடம் சொல்லியிருக்கிறார் போல. அவள் சண்டை போடவில்லை. "எழுதுனா நடக்கோணும் தம்பி. சும்மா எழுதப்படாது. ஒருக்காச் செத்தவ மறுக்காப் போறதுன்னா எறங்கறதுக்கு ஆளு வேணும்" என்றாள். பிறகு என்னை நிற்கச் சொன்னாள். வாழைநாரை எடுத்து என் உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை பிடித்தாள். முடிச்சுப் போட்டாள். "கொறைஞ்சு போயிட்டா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "அது கெடக்குது, நீ படி" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை அக்கா. உன்னைப் படிக்கவைக்க வேண்டும், என்னைப் படிக்கவைக்க வேண்டும் என்றுதான் தினமும் சொல்கிறார்.

நான் என்ன செய்வது?

யமுனா

*

திருச்சி
15.11.2025

என் கண்ணு யமுனா,

என் கையெழுத்துத்தான். அப்பா பலாப்பழம் கொண்டுவந்த அன்று போட்டேன். தாளை மடித்துப் பிடித்திருந்தார். ஆனாலும் கைநாட்டு வெளியே தெரிந்தது. சின்ன விரல். பார்த்ததுமே உன்னுடையது என்று தெரியும். நீ வைத்ததை நான் பார்க்கவே இல்லை. பார்த்தேன் என்று சாட்சி போட்டேன். கட்டடம் வந்தால் ஊரில் யாரிடமும் கடன் கேட்காமல் படிப்பை முடிக்கலாம் என்றார். அதற்குப் பிறகு உனக்கு எழுதியதெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டது.

பதினேழாம் நம்பர் எது என்று நீ கேட்டாய். எனக்குத் தெரியும். அத்தையை இறக்கும்போது அம்மா என்னை இடுப்பில் வைத்திருந்தாள். சென்னம்மாள் அத்தை அம்மாவின் வயிற்றைத் தொட்டு, "இதுலயே வந்துருக்கா" என்று சொன்னாள். அதனால்தான் நான் உன்னை அந்தப் பெயரால் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. எனக்குப் பயம்.

வெள்ளிக்கிழமை நான் வருகிறேன். கடைசி பஸ்தான் கிடைக்கும். அங்கிருந்து நடந்து வருவேன். சனிக்கிழமை காலையில் நாம் இரண்டு பேரும் ரோஸ்லின் டீச்சரைக் கூட்டிக்கொண்டு ஆபீசரிடம் போவோம். கை வைத்தது நீ, சாட்சி போட்டது நான் என்று சொல்வோம். அப்பாவுக்கு என்ன ஆனாலும் சரி. நீ யமுனா என்று அந்தத் தாளில் எழுத வைப்பேன்.

அன்று ராத்திரி கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள். நான் மூன்று தட்டுத் தட்டி, யமுனா என்று கூப்பிடுவேன். அந்தப் பெயரைச் சொன்னால் மட்டும் திற.

அம்சவேணி

*

குண்டூர் நாடு
21.11.2025, இரவு

அன்புள்ள அம்சா அக்காவுக்கு,

நீ இங்கேயே வருகிறாய், பிறகு எதற்கு எழுதுகிறேன் என்று நினைப்பாய். எழுதிக்கொண்டிருந்தால் என் பெயர் எனக்கு நினைவிருக்கிறது. அதற்காக. நலம் என்று எழுத வரவில்லை.

காலையில் வகுப்பில் வருகைப்பதிவு எடுத்தபோது ரோஸ்லின் டீச்சர் யமுனா என்று இரண்டு முறை கூப்பிட்டாராம். நான் பேசாமல் இருந்தேனாம். பக்கத்தில் இருந்தவள் இடித்த பிறகுதான் உள்ளேன் என்றேன். டீச்சர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். எவ்வளவு சில்லென்று இருக்கிறாய் என்றார். உன் கடிதத்தைக் கொடுத்தார். இன்றுதான் வந்ததாம். அதை என் பாவாடை மடிப்பில் வைத்திருக்கிறேன். சாட்சி போட்டதற்கு உன்மேல் எனக்குக் கோபம் இல்லை அக்கா. நீ வந்துவிட்டால் போதும்.

அப்பாவும் அம்மாவும் காட்டுக்குப் போயிருக்கிறார்கள். ஊரில் நாலு பேர் பார்க்க ஒரு காரியம் நடந்தால்தான் சான்று கேட்கும்போது ஆம் என்று சொல்வார்களாம். வாழைத்தண்டை அளவாக வெட்டிக் கோடித்துணியில் சுற்றிக் குழியில் வைத்து மூடப்போகிறார்கள். போகும்போது அம்மா என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து, "வெறும் வாழத்தண்டு கண்ணு. நீ வெளிய வராத" என்றாள்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான். நாளை விடிந்து நான் உயிரோடு இருந்தால், அந்தத் தாளில் எழுதினது என்னை இல்லை என்று தெரிந்துவிடும். விடியும்வரை இருந்தால் போதும்.

இந்தப் பக்கத்தின் ஓரத்தில் மையைத் தொட்டு என் பெருவிரலை வைத்துப் பார்த்தேன். நீயே பார். கறுப்பாக ஒரு வட்டம். உள்ளே ஒரு கோடும் இல்லை.

இவ்வளவு நேரம் மேளம் கேட்டது. இப்போது நின்றுவிட்டது. இறக்கிவிட்டார்கள் போல. பனி ஜன்னல்வரை வந்து நிற்கிறது.

எனக்கு மூச்சு முட்டுகிறது. வாயில் மண் ருசி. பயத்தினால் இருக்கும் என்று நீ சொல்வாய். சொல்லிவிடு.

பஸ் ஹாரன் கேட்கிறது. வளைவில் திரும்புகிறது. நீ அதில்தான் இருப்பாய். இங்கே நடந்து வரப் பத்து நிமிடம். எண்ணிக்கொண்டே இருக்கிறேன். யமுனா, யமுனா, யமுனா.

வாசலில் காலடி. நாய் குரைக்கவில்லை. தெரிந்த ஆளுக்குத்தான் அது குரைக்காது.

மூன்று தட்டு.

அக்கா, உன் குரல்தான். சத்தியமாக உன் குரல்தான். வந்துவிட்டாய். தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டேன். ஆனால் நீ கூப்பிடுகிற பேர்